உக்கின மரமும் மூன்று போத்தல் மருந்தும்

ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றம். 1980-களில் கட்டிய 18 அடி பைபர் படகு டிரெய்லரில் நின்றது. படகுக்குச் சொந்தக்காரரான அண்ணை எஞ்சினின் அடிக்காலில் ஒரு காலை வைத்து மெல்ல அமுக்கினார். எஞ்சினோடு சேர்ந்து அதைத் தாங்கும் பின்பலகையும் உள்ளே போய் வெளியே வந்தது. தண்ணீர் வடியும் ஓட்டைக்குப் பக்கத்தில், உள்பக்கமாக, மெல்லிய துரப்பணத்தால் ஒரு துளை போட்டோம். காய்ந்த மரத்தூள் வரவேண்டிய இடத்தில் கடும் தேத்தண்ணி நிறத்தில் களி வந்தது. ஈரமண்ணும் பழைய இலையும் கலந்த வாசம்.

"தம்பி, இதுக்கை எபொக்சியை ஊத்தினா கல்லு மாதிரி இறுகிடுமாம். மூண்டு போத்தல் காணுமாம்."

இந்த மூன்று போத்தல் யோசனை அண்ணையுடையது மட்டுமல்ல. வட அமெரிக்காவில் பழைய படகு வைத்திருப்பவர்களிடம் பல காலமாக இருந்துவரும் வழக்கம் இது. உக்கின மரத்தில் வரிசையாகத் துளை போட்டு, தண்ணீர்போல் இளகிய எபொக்சியை ஊற்றி, அது மரத்தில் ஊறி இறுகும் என்று காத்திருப்பார்கள். கிட்-ராட் போன்ற திரவங்கள் இதற்கென்றே விற்கின்றன. இந்த வழக்கத்தை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பினால் உயிருக்கே ஆபத்து என்ற கோடு தெளிவாக வரையப்படவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

பைபர் படகுக்குள் மரம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் சீநோர் படகுத் தளத்திலிருந்து பைபர் வள்ளங்கள் வந்த காலத்தை நினைவு வைத்திருக்கும் அண்ணையே, "பைபர் உக்காது எண்டுதானே எங்கடை ஆக்கள் மரத்தை விட்டவை" என்று அன்று ஆதங்கப்பட்டார். கண்ணாடி இழை உக்காது, உண்மை. ஆனால் அது வளையும். வளையாமல் இருக்க அதைத் தடிப்பாக்க வேண்டும். முழுவதும் இழையாலேயே தடிப்பாக்கினால் பாரமும் செலவும் ஏறும். அதனால் அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலானவற்றில் பின்பலகைக்கு முக்கால் அங்குல பிளைவூட் இரண்டை ஒட்டி நடுவில் வைத்து, இரு பக்கமும் இழைத்தோல் போர்த்தினார்கள். அடித்தளத்தில் நெடுக்குக் கட்டைகள் ஓடின. மேலே நடக்கும் தளமும் பிளைவூட்தான். எல்லாவற்றையும் மூடியது பொலியெஸ்டர் ரெசின். அது மரத்தோடு உறுதியாக ஒட்டுகிற பொருளல்ல. கட்டைகளின் வெட்டுமுனைகளை மூடாமல் விட்ட பட்டறைகளும் உண்டு. பிறகு படகை வாங்கியவர் ஏணி பூட்ட, ஆழமானி பூட்ட, இன்னும் எதையோ பூட்ட என்று ஆளுக்கு நாலு ஸ்க்ரூ முடுக்குகிறார். அதில் ஒன்றின் வழியே தண்ணீர் புகுந்துவிட்டால் திரும்பி வெளியேற வழியில்லை. மர வள்ளத்தில் பழுது கண்ணுக்குத் தெரியும். கெட்ட பலகையைக் கழற்றி, புதுப் பலகை பூட்டி, கலப்பற்றிட்டு மறுபடி இறக்கலாம். இங்கே மரம் பளபளக்கும் தோலுக்குள் மறைந்தபடியே சாகிறது.

அதைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு வேலையில்லை. 30-ஐ ஒட்டி ஏறினால் கொண்டாட்டம். உப்பு அதற்கு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் மரக் கப்பல் கட்டியவர்கள் விலாச் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பியது அதனால்தான். கடலில் ஓடிய படகைவிட நன்னீர் ஏரியில் ஓடி, மழையில் நனைந்து, முற்றத்தில் நின்ற படகு மோசமாக உக்கியிருப்பதைக் கண்டு திகைக்கத் தேவையில்லை. கனடாக் குளிர் இன்னொரு கேட்டையும் சேர்க்கிறது. உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். உள்ளே தேங்கிய நீர் ஒவ்வொரு மாரியும் தோலை மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே போகும்.

இந்தப் பிரிவுதான் விஷயத்தின் மையம். ஒரு பலகையின் மேல் இன்னொரு பலகையை ஒட்டாமல் அடுக்கி வளைத்துப் பாருங்கள். ஒன்றைவிட இரண்டு மடங்கு விறைப்பு கிடைக்கும். அவற்றையே பசையிட்டு ஒரே பலகையாக்கினால் எட்டு மடங்கு. பின்பலகையின் பலம் மரத்தில் மட்டும் இல்லை, இழையில் மட்டும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று நழுவ விடாமல் பிடித்திருக்கும் அந்த ஒட்டில் இருக்கிறது. துளைக்குள் ஊற்றும் எபொக்சியால் பிரிந்த ஒட்டை மீண்டும் சேர்க்க முடியுமா? தோலுக்கும் மரத்துக்கும் இடையில் மயிரிழை அகலத்தில், அழுக்கும் ஈரமும் படிந்து கிடக்கும் பரப்பு அது. அதைச் சுத்தம் செய்யாமல் எந்தப் பசையும் பிடிக்காது.

மரத்துக்குள்ளும் எபொக்சி நினைத்த இடமெல்லாம் போவதில்லை. திரவம் மரத்தின் நார் ஓடும் திசையில்தான் தாராளமாக ஓடும். பிளைவூட்டில் ஒவ்வோர் அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்காக இருக்கிறது. நடுவே பசை அடுக்கு தடுப்புச் சுவராக நிற்கிறது. ஈர மரத்திலோ உயிரணுக்களின் வெற்றிடமெல்லாம் தண்ணீர். எபொக்சி எங்கே போய் உட்காரும்? நன்றாக உக்கிக் காய்ந்த பஞ்சுப் பகுதியில் அது நிறைகிறது. பூஞ்சை இன்னும் உயிரோடு நிற்கும் விளிம்பை, பாதி கெட்ட மரத்தை, எட்டுவதேயில்லை. துளைகள் அடைபட்டதும் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. இளகி ஓடுவதற்காகக் கரைப்பான் சேர்த்தால், இறுகிய பிறகு அதன் பலமும் குறைகிறது. எபொக்சி மரவேலையை உலகெங்கும் பரப்பியவர்கள் மிச்சிகன் பே சிட்டியின் கூஜன் சகோதரர்கள். அவர்களுடைய வெஸ்ட் சிஸ்டம் என்ற பெயரிலேயே மரத்தை எபொக்சியில் ஊறவைத்தல் என்ற பொருள் பொதிந்திருக்கிறது. கரைப்பான் சேர்த்தால் பலம் போகும் என்று எச்சரித்ததும் அதே நிறுவனம்தான்.

அப்படியானால் ஊற்றுவதே தவறா? தளத்தில் ஒரு மூடியைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் உக்கல், அதையும் வாரக்கணக்கில் காயவிட்டாயிற்று என்றால் ஊற்றலாம். காலுக்குக் கீழே மெத்தென்றிருந்தது நிற்கும், உக்கல் பரவும் வேகமும் குறையும். நெடுக்குக் கட்டைகளில் ஒரு வகை உண்டு. அங்கே மரம் வெறும் அச்சு. அதன்மேல் போர்த்திய தடித்த இழைப்பெட்டிதான் பாரத்தைச் சுமக்கிறது. அப்படிக் கட்டிய படகில் உள்ளே மரம் தூளாகியிருந்தாலும் அவசரமில்லை. சிக்கல் என்னவென்றால், உங்கள் படகு அந்த வகையா என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். சாதாரண உல்லாசப் படகுகள் பலவற்றில் அந்தப் போர்வை மெல்லியது. பின்பலகைக்கோ இந்தச் சலுகை கிடையாது. 140 கிலோவை ஒட்டிய எஞ்சின் அதில் தொங்குகிறது. முழு வேகத்தில் அதன் உந்துவிசை நீண்ட கால் வழியாக நெம்புகோல்போல் அதைப் பிடித்து முறுக்குகிறது. அங்கே மூன்று போத்தலை நம்புகிறவர், படகில் ஏறும் பிள்ளைகளையும் அதை நம்பச் சொல்கிறார்.

வெட்டி எடுத்து மாற்றுவதே என் தேர்வு. அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. உள்தோலை அறுத்து, உக்கலைக் கெல்லி, பழைய இழையைத் தேய்த்து, அட்டையில் அச்செடுத்து, புதுப் பலகையைக் குழைத்த எபொக்சியில் பதித்து, மூலைகளை வளைவாக நிரப்பி, இழைத்துணியைப் படிப்படியாக அகலம் கூட்டிப் போர்த்தவேண்டும். தோலின் விளிம்பை அதன் தடிப்பைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரித்தால்தான் புதுசும் பழசும் பிடித்து நிற்கும். இழைத்தூசி தோலிலும் நெஞ்சிலும் இறங்கும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் எபொக்சியைத் தொட்டவர்களுக்கு ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் போகாது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, நெடுக்குக் கட்டைகளை ஒரேயடியாக அகற்றுவது. தாங்கல் இழந்த அடித்தளம் டிரெய்லர் உருளைகளின் மேல் வளைந்துவிடும். அந்த வளைவிலேயே புதுக் கட்டையை ஒட்டிவிட்டால் படகு இனி ஒருபோதும் நேராக ஓடாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பூட்டவேண்டும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பின்பலகையின் மேல்விளிம்பைத் திறந்து, சங்கிலி வாளால் மரத்தைத் தோண்டி எடுத்து, இறுகும் கலவையை ஊற்றி நிரப்புவது. இரு தோலும் உடையாமல் நிற்பது அதன் பெரிய நன்மை. ஆழத்தில் மூலைகளில் உக்கல் ஒட்டிக்கிடந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போவது அதன் பெரிய குறை. மரமே வேண்டாம் என்பவர்களுக்கு இழை கலந்த நுரைப்பலகை கிடைக்கிறது; உக்காது, ஆனால் விலை பல மடங்கு, ஸ்க்ரூவையும் மரம்போல் இறுகப் பிடிக்காது. விலை கூடிய கடற்தர பிளைவூட் உக்காது என்ற நம்பிக்கையும் தவறு. அதில் பெரிதும் பயன்படும் ஒகூமே மரம் பூஞ்சையைத் தாங்கும் சாதியே அல்ல.

இவ்வளவு பாடுபட்டுத் திருத்தினாலும் விற்கும்போது செலவில் பாதிகூட வராது என்பார்கள். உண்மைதான். ஆனால் இறுகிய பொலியெஸ்டரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. கைவிட்ட பைபர் உடல் குப்பைமேட்டில்தான் கிடக்கும். நல்ல உடல் ஒன்றை உள்ளிருக்கும் இரண்டு பலகைக்காக எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அண்ணை கடைசியில் வெட்டத்தான் சம்மதித்தார். உள்தோலை அறுத்து நெம்பியதும் பிளைவூட்டின் கீழ்ப்பாதி கையோடு வந்தது; மேல்பாதி காய்ந்து, நல்ல மரமாகவே இருந்தது. உக்கலின் கோட்டைப் பின்தொடர்ந்து போனால் அது ஏணியின் ஒரு ஸ்க்ரூத் துளையில் போய் முடிந்தது. புதுப் பலகை ஏறிய பிறகு எஞ்சின் பூட்ட நான்கு துளைகள் போடவேண்டியிருந்தது. அரை அங்குல போல்ட்டுக்கு முக்கால் அங்குலத் துளை போட்டு, குழைத்த எபொக்சியால் அடைத்து, இறுகவிட்டு, அதன் நடுவே மறுபடி அரை அங்குலம் துளைத்தோம். போல்ட் இனி மரத்தைத் தொடாது. ஏணியை மறுபடி எங்கே பூட்டுவது என்று கேட்டேன். அண்ணை பின்பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏணி வேண்டாம் தம்பி, பிள்ளையளைக் கையிலை பிடிச்சு ஏத்துவம்" என்றார்.