ஆண்டு பிறக்கும் நேரம்

டொராண்டோவில் ஒரே அடுக்குமாடியில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றும் மதுரைக் குடும்பம் ஒன்றும் குடியிருந்தால், இரண்டும் சித்திரைப் பிறப்பை ஒரே நாளில் கொண்டாடும் என்று சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தாருக்கு ஆண்டு ஒரு கணத்தில் பிறக்கிறது. சூரியன் மேட ராசிக்குள் புகும் சங்கராந்தி நேரத்துக்கு முன்னே 4 மணி, பின்னே 4 மணி விஷு புண்ணியகாலம். அதற்குள் தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து, மருத்துநீர் தேய்த்து முழுக வேண்டும். தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால், கோரோசனை என்று நீளும் சரக்குகளைப் போட்டுக் கோயிலில் காய்ச்சிய நீர் அது. வெற்றிலையில் காசு வைத்துப் பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேஷத்துக்கும் தனி நேரம் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறொன்று சொல்லும். எதைப் பின்பற்றுவது என்ற வாக்குவாதமும் கடல் கடந்து வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தக் கணம் பஞ்சாங்கக்காரரின் கவலை. சூரியன் மறையுமுன் சங்கராந்தி வந்தால் அன்றே சித்திரை 1, பிந்தினால் மறுநாள். நாள் முடிவானதும் மணியை யாரும் கேட்பதில்லை. தை முதல் நாளே புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்து 2011இல் போனபோதும் சண்டை நாளைப் பற்றித்தான். தென்மாவட்டங்களில் விடியலில் கனி காண்பார்கள். பல வீடுகளில் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்த பச்சடி உண்டு. வேம்பு பூத்து, மா காய்த்திருக்கும் பருவத்தின் சமையல் அது.

வெளிநாட்டில் இந்தப் பருவம்தான் முதலில் கைவிடுகிறது. கனடாவின் ஏப்ரலில் வேம்புக்கு எங்கே போவது? ஊரிலிருந்து வந்த காய்ந்த பூவை நெய்யில் வறுத்துப் போடுகிறார்கள்; கசப்பு இருக்கிறது, வாசம் இல்லை. நேரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்தில் 14ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஆண்டு பிறந்தால், லண்டனில் 13ஆம் தேதி இரவு 9.30, டொராண்டோவில் மாலை 4.30. கழித்துப் பார்த்தால் போதும். பெயர்ந்து போவதற்கு ஈழத்து வழக்கமே தோதானது என்பது என் எண்ணம், மருத்துநீருக்குக் கோயிலை நம்பியிருக்க வேண்டும் என்றாலும்.

ஆனால் அந்த வழக்கம் விட்டுக்கொடுக்காது. விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாம்; தமிழ்ச் சங்கங்கள் மண்டபம் கிடைக்கும் வாரத்துக்கே விழாவைத் தள்ளிவிடுகின்றன. முழுக்கைத் தள்ள முடியாது. வேலை முடிந்து நெரிசலில் நிற்பவர், புண்ணியகாலம் எத்தனை மணி வரைக்கும் என்று காரிலிருந்தே வீட்டுக்குப் போன் போடுகிறார்.