அனுமானத்தில் பிடிபட்ட அணு

அணுவின் அமைப்பைப் பற்றி எழுதப் புகுவோர் டெமாக்ரிடஸையும் கணாதரையும் வணங்கிவிட்டுத் தொடங்குவது சம்பிரதாயமாகிவிட்டது. ஆனால் அவ்விருவரும் தர்க்கத்தின் துணையால் வஸ்துவைப் பிளக்கவொண்ணாத எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தினார்களேயன்றி, அந்த எல்லைக்குள் ஓர் உள்கட்டு இருக்குமென்று கருதியவர்களல்லராதலால், அவர்களை இங்கே இழுப்பதில் பொருளில்லை. உள்கட்டு திறந்தது 1897இல். கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், காற்று அகற்றிய கண்ணாடிக் குழாயில் ஓடும் கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, எந்த வாயுவை அடைத்தாலும் எந்த உலோகத்தை மின்வாயாக வைத்தாலும் மின்னேற்றத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மாறாதிருப்பதைக் கண்டு, எல்லா அணுக்களுக்கும் பொதுவான துகள் ஒன்று உண்டென்று துணிந்தார். அதுவே எலெக்ட்ரான்.

வளைந்த கதிரே அவருக்குப் பிரத்தியட்சம், துகள் அனுமானம். இத்துறையின் சரித்திரம் முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்பதும், அனுமானத்துக்கு ஆதாரமான தடயம் மின்னேற்றத்தையே நம்பியிருந்தபடியால் மின்னேற்றமில்லாத துகள் நெடுநாள் அகப்படாமல் நழுவியது என்பதும் என் கருத்து.

1909இல் மான்செஸ்டரில் கைகரும், இருபது வயது மாணவரான மார்ஸ்டனும் இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் பட்டு மின்னி மறையும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியே எண்ணினார்கள். பிளாட்டினத் தகட்டில் மோதியவற்றுள் ஏறத்தாழ 8,000இல் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. அந்த ஒன்றை அளவைப் பிழையென்று தள்ளிவிடாமல், இரண்டாண்டு கணக்கிட்டு, அணுவின் நிறை அநேகமாக முழுவதும் அதன் விட்டத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கை எட்டாத கருவில் ஒடுங்கியிருக்கிறதென்று 1911இல் அவர்களுடைய ஆசான் ரதர்ஃபோர்டு நிலைநாட்டினார். கருவைச் சூழ்ந்த எலெக்ட்ரான்களின் ஒழுங்கை 1913இல் இயற்பியலாளர் போரும் 1926இல் ஷ்ரோடிங்கரும் கணிதத்தில் அடைத்த கதை தனிக் கட்டுரைக்குரியது.

கருவுக்குள்தான் சங்கடம். 1919இல் நைட்ரஜனை ஆல்ஃபா துகளால் தாக்கி ஹைட்ரஜன் கருவை வெளியேற்றியதன்மூலம் புரோட்டான் பிற கருக்களிலும் உறைவதாக ரதர்ஃபோர்டு காட்டினார் எனினும், நைட்ரஜனின் நிறை 14, மின்னேற்றம் 7 என்னும் முரணைத் தீர்க்க, 14 புரோட்டான்களோடு 7 எலெக்ட்ரான்களும் கருவுக்குள் அடைந்து கிடப்பதாகக் கொள்ள நேர்ந்தது. கூட்டினால் 21, ஒற்றைப்படை. நிறமாலைச் சான்றோ கருவிலுள்ள துகள்கள் இரட்டைப்படை என்றது. மின்னேற்றமற்ற துகளொன்று இருக்கலாமென்று 1920இலேயே ரதர்ஃபோர்டு ஊகித்தார். ஆனால் மின்னேற்றமற்றதை எந்தத் திரை காட்டும்?

1930இல் ஜெர்மனியில் போதேயும் பெக்கரும் பெரிலியத்தை ஆல்ஃபா துகள்களால் தாக்கியபோது, ஈயத்தையும் ஊடுருவும் கதிரொன்று புறப்பட, அதைக் காமாக் கதிரென்றே கொண்டனர். 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும் அக்கதிரின் வழியில் பாரபின் மெழுகை வைக்க, மெழுகிலிருந்து புரோட்டான்கள் வெகு வேகத்தோடு பாய்ந்தன. கண்டது மெய், கூறிய காரணந்தான் பிசகு. காமாக் கதிர் அவ்வளவு வேகத்தில் புரோட்டானைத் தள்ள ஏறத்தாழ 50 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும்; பெரிலியத்திலிருந்து அது கிடைக்க வழியில்லை.

செய்தி கேம்பிரிட்ஜை எட்டியபோது ஜேம்ஸ் சாட்விக்கிடம் இரண்டு பொருள்கள் ஆயத்தமாயிருந்தன: ரதர்ஃபோர்டின் பழைய ஊகம் ஒன்று, பால்டிமோர் மருத்துவமனையொன்றில் பயன்பட்டுத் தீர்ந்த ரேடான் குழாய்களிலிருந்து பிரித்தெடுத்த, ஆல்ஃபா துகள்களை உமிழும் பொலோனியம் மற்றொன்று. மெழுகோடு நில்லாமல் வேறு பொருள்களையும் கதிரின் முன் வைத்து, தெறித்தோடும் கருக்களின் வேகத்தை மதிப்பிட்டார்: ஹைட்ரஜன் வினாடிக்கு ஏறத்தாழ 33,000 கிலோமீட்டர், நைட்ரஜன் 4,700. கேரம் பலகையில் அடிப்பான் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், லேசான காயும் கனத்த காயும் ஓடும் வேகங்களை ஒப்பிட்டு அதன் எடையைச் சொல்லிவிடலாமன்றோ? மோதியதன் நிறை அநேகமாகப் புரோட்டானின் நிறையே என்று வந்தது. 1932 பிப்ரவரி 17 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு அவர் விடுத்த கடிதம், நியூட்ரான் இருக்கக்கூடும் என்ற அளவோடு தலைப்பில் நின்றுகொண்டது. அந்த அடக்கம் எனக்கு மிகவும் உவப்பானது. நைட்ரஜனில் இனி 7 புரோட்டான், 7 நியூட்ரான், கணக்கு இரட்டைப்படையாகியது.

நியூட்ரானின் மின்னேற்றமின்மையும் ஒரு கூட்டுத்தொகையே என்பது பிற்காலத்து ஞானம். 1964இல் கெல்மனும் ஸ்வைகும் தனித்தனியே முன்வைத்த குவார்க் சித்தாந்தப்படி, மூன்றில் இரு பங்கு நேர்மின்னேற்றமுள்ள ஒன்றும், மூன்றில் ஒரு பங்கு எதிர்மின்னேற்றமுள்ள இரண்டும் அதனுள் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அறுபதுகளின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் புரோட்டான்மீது ஏவிய எலெக்ட்ரான்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பெருங்கோணங்களில் சிதறியது, உள்ளே கெட்டியான புள்ளிகள் உண்டென்பதற்குச் சான்றாயிற்று. தனிக் குவார்க்கை இன்றளவும் எவரும் பிரித்தெடுத்ததில்லை.

கருவைவிட்டு வெளியேறிய நியூட்ரான் நிலைப்பதில்லை; புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் எதிர் நியூட்ரினோவாகவும் சிதைகிறது. நியூட்ரான்களைக் கலத்தில் அடைத்துவைத்து, எஞ்சியவற்றை எண்ணி அதன் சராசரி ஆயுளை அளப்போர்க்கு ஏறத்தாழ 878 வினாடி கிடைக்கிறது. கற்றையாக ஓடவிட்டு, பிறக்கும் புரோட்டான்களை எண்ணி அளப்போர்க்கு ஏறத்தாழ 888. இடையிலுள்ள பத்து வினாடிக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இன்னும் இல்லை.