விளையாட்டுத் திரையும் காரின் திரையும்

நூலுக்குரிய அழகுகளைத் தொகுத்துக் கூறப்புகுந்த நன்னூலார் சுருங்கச் சொல்லலை முதற்கண் வைத்து, விளங்க வைத்தலை அதனை அடுத்து நிறுத்தினார். குற்றங்களைக் கூறுமிடத்துக் குன்றக் கூறலை முதலாவதாக எண்ணினார். சுருங்குதலும் குன்றுதலும் புறத்தே நோக்குவார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் சொற்கள் சிலவே. ஆயின் முன்னதிற் குறைந்தது சொல் மாத்திரமே. பின்னதிற் பொருளும் உடன் குறைந்துவிடுகின்றது. நூலுக்கென வகுக்கப்பட்ட இவ்வேறுபாடு இக்காலத்துக் கண்ணாடித் திரைகளுக்கும் பொருந்துவதாயிற்று. எளிமையுடையன என்று ஒருங்கே போற்றப்படுவன இரண்டு. ஒன்று கணினி விளையாட்டின் பழைய திரை; மற்றையது புதிய மோட்டார்க் காரின் தொடுதிரை. இரண்டின் எளிமையும் ஓரினத்தனவா என்பதே ஈண்டு வினா.

1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் என்னும் பொறியியலாளர் அமைத்த ‘பொங்’ என்ற விளையாட்டிற் கண்ணுக்குப் புலனாவன மிகச் சில. கரிய திரை, நடுவே புள்ளிக்கோடு, இரு மருங்கும் மட்டையென நிற்கும் இரு சிறு கோடுகள், மேலே எண்ணிக்கை. பந்து என்பது ஒரு சிறு சதுரமே. அது வட்டமாகவும் இல்லை. எனினும் அது மேசைப்பந்தாட்டம் என்பதை ஒருவர் எடுத்துரைக்கவேண்டிய தேவை எழவில்லை. வரைவு வறியதாயினும் ஆட்டம் வறியதன்று. அல்கோர்ன் மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பகுத்து, பந்து எப்பகுதியிற் படுகின்றதோ அதற்கேற்ப அது மீளும் கோணம் மாறுமாறு செய்தார். அவ்வெட்டுப் பகுதியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆடுவோன் கை மெல்ல மெல்ல அதனைக் கற்றுக்கொள்கின்றது.

இவ்வெளிமை எவரும் விரும்பித் தேடியதன்று; கருவியின் வறுமை தந்தது. அவ்வறுமையைக் கலைஞர் எவ்வாறு கையாண்டனர் என்பதிலேதான் சுவை உள்ளது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘டொங்கி கொங்’ 1981 இல் வெளிவந்தது. பின்னாளில் மாரியோ எனப் பெயர் பெற்ற தச்சனின் உருவை அமைக்க ஷிகெரு மியாமோட்டோவுக்குக் கிடைத்த இடம் 16 புள்ளி உயரமே. அதனுள் வாயை வரைதல் இயலாது. ஆதலின் பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும் வைத்தார். தலைமயிரைக் காட்டல் அரிது. ஆதலின் தொப்பி அணிவித்தார். வீசும் கை உடலோடு கலந்து மறையாதிருத்தற் பொருட்டுத் தோள்வார் பூட்டிய வேலையுடையை வேறு நிறத்தில் உடுத்தினார். உலகறிந்த அவ்வுருவம் இடமின்மையின் பிள்ளை எனலாம். ஆயினும் அதில் ஒரு புள்ளிதானும் வீணன்று. ஒவ்வொன்றும் பார்ப்பவனுக்கு ஏதோவொன்றைச் சொல்லுகின்றது.

டெட்ரிஸின் கதையும் இத்தகையதே. 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதனை முதலில் எழுதிய இலக்ட்ரோனிகா 60 என்னும் கணினிக்குப் படம் வரையும் ஆற்றலே இல்லை. எழுத்தோடு எழுத்தாக வரும் அடைப்புக்குறிகளையே அவர் செங்கற்களாக அடுக்கினார். தொமொஹிரோ நிஷிகாடோவின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ (1978) பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். திரையிலே தோன்றும் பகைவர் 55 பேர். சுடச் சுட அவர் தொகை குறைய, வரையவேண்டிய உருவங்களும் குறைந்து பொறி விரைந்தது. எஞ்சியோர் முன்னிலும் கடுகி இறங்கினர். இது கருவியின் குறைபாடே. நிஷிகாடோ அதனைத் திருத்தாது விட்டார். ஆட்டத்தின் அச்சம் முழுவதும் அதிலேயே அமைந்தது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஒருங்கே நிற்கும் இடங்கள் இவை. பழமையின்மீது கொண்ட பாசத்தால் இவற்றை மெச்சுகின்றனர் எனச் சிலர் இகழ்வது பொருந்தாது.

இவ்விளையாட்டுக்களைப் புகழ்வோரும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. பொங் விளையாட்டின் திரைக்குக் கீழே ஆளுக்கொரு குமிழ் இருந்தது. அதனைத் திருப்பினால் மட்டை ஏறும், இறங்கும். கண் பந்தைவிட்டு அகலவேண்டியதில்லை. குமிழ் இருக்குமிடம் கைக்குத் தெரியும். நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982 இற் கையடக்கமான விளையாட்டுப் பெட்டிக்கென அமைத்த சிலுவை வடிவப் பொத்தானும் அவ்வாறானதே. பெருவிரல் அதன் நான்கு முனைகளையும் தடவியே அறியும். குனிந்து பார்ப்பவன் ஆட்டத்தில் தோற்பான். திரை எளிதாக விளங்கியமைக்குத் திரைக்கு வெளியே கைக்குப் பிடிப்பான ஒன்று நின்றமையும் காரணமாகும்.

காரிலே தொடுதிரை வந்தது நேற்றன்று. ஜெனரல் மோட்டர்ஸ் 1986 இன் பியூக் ரிவியேராவில் அதனைப் பொருத்தியது. சில ஆண்டுகளிற் கைவிட்டது. 2012 இல் டெஸ்லாவின் மொடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்த பின்னர் நிலைமை மாறிற்று. 2017 இல் வந்த மொடல் 3 இலே சாரதியின் முன்னே வேகங்காட்டியும் இல்லை. நடுவே நிற்கும் 15 அங்குலத் திரையே யாவற்றையும் காட்டுவதாயிற்று. அதனுள்ளே அமர்ந்து நோக்குவார்க்கு அது தூய்மையாகவே தோன்றும். ஆனால் அகற்றப்பட்டவை பொத்தான்களேயன்றி, அவை செய்த வேலைகள் அல்ல. அவை ஒரு திரையின்கீழ் மற்றொரு திரையாக அடுக்கப்பட்டு உள்ளே கிடக்கின்றன. விளையாட்டில் எளிமைக்காக உழைத்தவன் ஆக்கியோன். காரில் அவ்வுழைப்புச் சாரதியின் தலையிற் சுமத்தப்பட்டுள்ளது. விளையாடுவோனின் கண் திரைக்குரியது. சாரதியின் கண்ணோ வீதிக்குரியது. வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு மேடுமில்லை, பள்ளமுமில்லை. வோல்க்ஸ்வாகனின் ஐ.டி. 3 காரில் வெப்பநிலையையும் ஒலியளவையும் மாற்றுதற்கு விரலால் வருடும் பட்டையொன்றை அமைத்தனர். தொடக்கத்தில் அதற்கு விளக்குத்தானும் இல்லை. இரவிற் காரோட்டுவோர் உளர் என்பதை நினையாமற் செய்த வேலை அது.

ஜெர்மனியிற் கடும் மழையில் டெஸ்லாக் கார் ஓட்டிச் சென்ற சாரதி ஒருவர், முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முனைந்தபோது கார் வீதியை விட்டு விலகி மரங்களில் மோதிற்று. கார்ல்ஸ்றூ மேல்நீதிமன்றம் 2020 மார்ச்சில் அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ தண்டத்தையும் ஒரு மாதத் தடையையும் உறுதிசெய்தது. காரோடு பொருத்தப்பட்டதாயினும் அத்திரை ஏனைய மின்னணுக் கருவிகளுக்குரிய விதிக்கே உட்பட்டது என்பதும், கணநேரப் பார்வையோடு முடியும் செயலுக்கே சட்டம் இடந்தரும் என்பதும் தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகலாம். எனினும் மழையில் வைப்பரை இயக்குதல் சாரதியின் கடமை. அக்கடமையைக் கண்ணாடிக்குள் வைத்தவன் அவனல்லன்.

ஸ்வீடனின் ‘வி பிலேகாரே’ என்ற மோட்டார்ச் சஞ்சிகை 2022 இல் நடத்திய சோதனை இதனை அளந்தே காட்டியது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரில் இருக்கையைச் சூடாக்கல், கண்ணாடியின் மூட்டத்தை நீக்கல், வானொலி நிலையத்தைத் தேர்தல் முதலிய சில செயல்களைச் செய்யுமாறு பணித்தனர். பொத்தான்களை உடைய 2005 ஆம் ஆண்டு வொல்வோ வி70 இல் அவை 10 செக்கனில் முடிந்தன; கார் அதற்குள் 306 மீற்றர் சென்றிருந்தது. எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற புதிய காரில் 44.9 செக்கன் சென்றது. கடந்த தூரம் 1372 மீற்றர். பழைய காரிற் செயல்கள் குறைவு என்பது மெய்யே. ஆயின் கேட்கப்பட்டவை இரண்டிலும் உள்ள செயல்களே.

திரை முழுவதும் தீது என்பது கருத்தன்று. தேசப்படத்தைக் காட்டுதற்கும் பின்னே நிற்கும் குழந்தையைக் காட்டுதற்கும் திரையே வேண்டும். பின்புறக் கமெராவை அமெரிக்கா 2018 இற் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியதும் முறையே. காணவேண்டியவற்றுக்குத் திரையும் தொடவேண்டியவற்றுக்குக் குமிழும் எனப் பகுத்திருப்பின் வழக்கே இல்லை. ஆனால் பொத்தானுக்கு அச்சும் கம்பியும் உழைப்பும் வேண்டும். திரையில் எழுதுவதற்கு அவை வேண்டா. சிக்கனத்துக்கு எளிமை என்று பெயரிட்டு விற்றனர் என்பது கடுஞ்சொல்லாயினும் பொய்ச்சொல் அன்று.

இரு திரைகளும் ஒன்றாகிய விந்தையும் நிகழ்ந்தது. ஓடும் டெஸ்லாக் காரின் நடுத்திரையில் விளையாட்டு ஆட இடமளித்தமை குறித்து அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறை 2021 டிசம்பரில் விசாரணை தொடங்கிற்று. நிறுவனம் உடனே அதனை நிறுத்த இணங்கியது. வைப்பர் திரைக்குள்ளேயே இருந்தது.

கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கப் என்ற ஐரோப்பிய அமைப்பு 2026 ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளில், திருப்பற் சைகை, அபாய விளக்கு, ஒலிப்பான், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையாற் பற்றத்தக்க தனி ஆளி இருத்தலை உயர்ந்த புள்ளிக்கு வேண்டுவதாக்கியுள்ளது. கண்ணாடியின் மூட்டத்தை நீக்கும் ஆளி அவ்வைந்தனுள் இல்லை. ஸ்வீடனிற் சாரதிகள் தேடியவற்றுள் அதுவும் ஒன்று.