ஹட்டன் மலையில் எனக்கொரு மருமகள்

மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை போகிறது. எப்போதாவது ஒரு புகைப்படமும் கடிதமும் வருகின்றன. வெளிநாட்டில் ஒரு குழந்தைக்கு ஸ்பான்சராக இருக்கும் பலருக்கும் உறவு இவ்வளவோடு நின்றுவிடுகிறது. தயவுசெய்து நிற்க விடாதீர்கள். போய்ப் பாருங்கள்! இலங்கை மலையகத்தில் நாங்கள் ஸ்பான்சர் செய்யும் குழந்தையைப் பார்த்துவிட்டு மெல்பர்ன் திரும்பியதிலிருந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலைப் பிடியுங்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி மெல்ல மலையேறும், வட்டவளையில் குளிர்காற்று முகத்தில் அடிக்கும், அடுத்து ஹட்டன். அங்கிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போகும் சாலை இருக்கிறதே, என்ன சாலை அது! காசல்ரீ நீர்த்தேக்கம் வளைந்து வளைந்து கூடவே வருகிறது. மேகம் விலகினால் சிவனொளிபாதமலை. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இந்தப் பச்சையைப் படமெடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கோ எல்லவுக்கோ போய்விடுகிறார்கள். எங்கள் ஜீப் பிரதான சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியபோது எனக்கு நெஞ்சு படபடத்தது.

நினைத்தவுடன் போய்க் கதவைத் தட்டிவிட முடியாது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும், போலீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஸ்பான்சர் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கூடவே இருப்பார், குழந்தையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்க வருகிறார்; இவ்வளவாவது விசாரிக்க வேண்டாமா?

லயத்து இஸ்தோப்பில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் திண்ணையில், வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு நின்றாள் எங்கள் குழந்தை. "வணக்கம் அன்ட்டி" என்றாள். உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது: "அன்ட்டி என்னாடி அன்ட்டி, அத்தைன்னு கூப்புடு!" அவ்வளவுதான், அந்த நொடியில் எனக்கு ஒரு மருமகள் கிடைத்துவிட்டாள். மொழிபெயர்க்க வந்த ஊழியருக்கு வேலையே இல்லை. ஓரமாக உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த ஊரு புள்ள?" என்று பாட்டி கேட்டார். துறையூர் என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தாவும் திருச்சிப் பக்கம்தானாம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்துவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்த மலையகத் தமிழர்கள். இலைநோய் கோப்பியை அழித்தபின் இந்த மலைகளில் தேயிலையைப் பரப்பியதும் அவர்கள் உழைப்புதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தது. பாட்டியின் அண்ணன் அப்படித்தான் கூடலூர் போனார். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தேங்காய் ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே பாட்டி சொன்னபோது உணர்ந்த கனம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மருமகளுக்கு இந்தக் கதையில் சுவாரசியம் இல்லை. என்னிடம் காட்ட அவளுக்கு எவ்வளவோ இருந்தன! ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாள் புத்தகத்தை மடியில் கொண்டுவந்து போட்டாள். ஓரமெல்லாம் பென்சில் கணக்கு. ஒரு கணக்கை எனக்குக் கொடுத்துவிட்டு, நான் முடிப்பதற்குள் தானே விடையைச் சொல்லிவிட்டு, கைகொட்டிச் சிரித்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள். தோட்டத்து அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. நாங்கள் அனுப்பும் பணம் அவள் கையில் ரூபாயாகப் போய்ச் சேர்வதில்லை. மற்ற ஸ்பான்சர்களின் பணத்தோடு சேர்ந்து அங்கே தண்ணீர்க் குழாயாக, கழிப்பறையாக, சுவரில் மாட்டிய எடை அட்டையாக, மாலை வகுப்பாக நிற்கிறது. குழாயைத் திறந்து காட்டி, "இது நீங்க போட்டது அத்தை" என்றாள். அழுதுவிட்டேன்.

அவளுடைய அம்மா மத்தியானமே மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல். எங்களுக்காக அன்று அரைப்பேர்தான். பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, எங்களுக்குக் கோழிக்கறி சமைத்தார். இந்த அன்புக்கு நான் என்ன செய்துவிட முடியும்?

இப்படி ஸ்பான்சர் செய்வதால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பொருளியலாளர் புரூஸ் வைடிக்கும் அவரது சகாக்களும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் ஸ்பான்சர் திட்டத்தை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆதரவு பெற்ற பிள்ளைகள் சுமார் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஒரு வருடம்தானே என்று நினைக்காதீர்கள். பத்தாம் தரத்தோடு நின்று கடை வேலைக்குக் கொழும்பு போகிற பிள்ளைக்கும், சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரம் போகிற பிள்ளைக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு வருடம்தான்.

போவதாக இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், மழை குறைவு. சிவனொளிபாத யாத்திரைக் கூட்டமும் அப்போதுதான் என்பதால் ரயில் டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பள்ளி நடக்கும் நாளாகவும் பாருங்கள், பிள்ளைகளின் வகுப்பறையையும் பார்க்கலாம். நாங்கள் அடுத்த பயணத்துக்கான விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிட்டோம். என் மகனையும் கூட்டி வர வேண்டும் என்பது மருமகளின் உத்தரவு. அவனோடு கேரம் ஆடி ஜெயிக்க வேண்டுமாம். மகன் இங்கே ராத்திரி பகலாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறான்.