அழிக்கப்பட்ட கம்பம்: மாணவர் பத்திரிகையியலும் நிழற்படக் கருவிகளும்

1970 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கென்ற் ஸ்ரேற் பல்கலைக்கழக வளாகத்தில், கம்போடியா மீதான படையெடுப்பை எதிர்த்துத் திரண்டிருந்த மாணவர்மீது தேசிய காவற்படையினர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். அப்பல்கலைக்கழகத்திலேயே நிழற்படப் பத்திரிகையியல் பயின்றுகொண்டிருந்த ஜோன் பைலோ என்னும் மாணவர் அவ்வேளை எடுத்த படமொன்று உலகெங்கும் பரவியது. குப்புற வீழ்ந்து கிடக்கும் ஜெஃப்ரி மில்லரின் உடலருகே, முழந்தாளிட்டுக் கைகளை விரித்துக் கதறுகிறாள் பதினான்கு வயதுச் சிறுமி மேரி ஆன் வெக்கியோ. 1971 இல் அப்படம் புலிற்சர் பரிசினைப் பெற்றது.

அப்படத்தில் ஒரு ‘குறை’ உண்டு. சிறுமியின் தலைக்கு நேர்பின்னால் நிற்கும் வேலிக் கம்பம், அவளது தலையிலிருந்தே முளைத்தெழுந்தாற்போலத் தோன்றுகிறது. 1995 இல் ‘லைஃப்’ சஞ்சிகை இப்படத்தை வெளியிட்டபோது அக்கம்பம் அங்கு இருக்கவில்லை. கம்பம் அழிக்கப்பட்ட பிரதியொன்றே அச்சேறியிருந்தது. வரலாற்று ஆவணமொன்றில் கைவைக்க எவருக்கு உரிமையுண்டு என்ற வினா அதனையொட்டி எழுந்தது.

கம்பம் எதனால் உறுத்தியது என்பது ஆராயத்தக்கது. மனிதரின் தலைக்குப் பின்னால் மரமோ கம்பமோ வராதவாறு பார்த்துக்கொள்க என்பது நிழற்படக் கலையில் தொடக்க மாணவர் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. வகுப்பறையில் அது நல்ல விதியே. கமராவை ஏந்தியவர் ஓரடி விலகி நின்றால் குறை நீங்கிவிடும். ஆனால், குண்டுகள் பாய்ந்து ஓய்ந்த கணத்தில் அழகிய கோணத்தைத் தேடி விலகி நிற்க அவகாசம் எங்கே? அவ்வகையில் அக்கம்பமும் ஒரு சாட்சியே. படம் ஒத்திகை பார்த்து எடுக்கப்பட்டதன்று, நிகழ்வின் நடுவே பற்றப்பட்டது என்பதை அது உணர்த்துகிறது. கம்பத்தை அழித்தவர் படத்தை அழகாக்கினார். அதே வேளை அதன் சாட்சியத்தில் ஒரு பகுதியையும் நீக்கினார்.

கணினியே இத்தீங்கின் மூலம் என்பாருளர். அக்கூற்று முழுமையானதன்று. 1982 பெப்ரவரியில் ‘நஷனல் ஜியோகிரபிக்’ தனது நெடுக்கான அட்டைக்குப் பொருந்துமாறு கீசாப் பிரமிட்டுகளைக் கணினியால் ஒன்றையொன்று நெருங்கச் செய்தது. ‘போட்டோஷொப்’ என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்ததோ 1990 இல். 2003 இல் ‘லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்’ பத்திரிகையின் அனுபவமிக்க படப்பிடிப்பாளர் பிறையன் வால்ஸ்கி, ஈராக்கின் பஸ்ரா அருகே எடுத்த இரு படங்களை இணைத்து ஒன்றாக்கினார். படைவீரனின் கையசைவு ஒன்றிலும், குழந்தையை ஏந்தியவரின் தோற்றம் மற்றதிலும் சிறப்பாக அமைந்திருந்தன. கூட்டத்திலிருந்த சிலர் இருமுறை தோன்றியமை கண்டறியப்படவே அவர் பதவி நீக்கப்பட்டார். கருவி வேகத்தைத் தந்தது. படம் உண்மையிலும் சிறப்பாக இருத்தல் வேண்டும் என்ற ஆசை கருவிக்கு முந்தியது.

இவ்வாசை குடிகொள்ளுமிடம் எது? அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றில் பத்திரிகையியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. பத்திரிகையையும் ஆண்டு மலரையும் மாணவரே ஆக்குகின்றனர். வெளிச்சத்தைத் திருத்துதல், ஓரங்களை வெட்டுதல், நிறத்தைச் சமன்செய்தல் ஆகிய பயிற்சிகள் வேண்டியனவே. ஆயின் ஓரத்தை வெட்டுவது கூட எப்போதும் குற்றமற்ற செயலன்று. சட்டகத்துக்கு வெளியே தள்ளப்படும் மனிதரோடு ஒரு செய்தியே தள்ளப்படலாம். 2023 இல் ‘போட்டோஷொப்’ சில சொற்களைத் தட்டச்சுச் செய்த மாத்திரத்தே இல்லாத பொருளை உருவாக்கும் ஆற்றலையும் பெற்றுவிட்டது. கம்பத்தை அழிக்க அன்று தேர்ந்த கை வேண்டியிருந்தது. இன்று ஒரு விரல் போதும். எப்படி அழிப்பது என்பதைக் கற்பிக்கும் ஆசிரியர், எதனை அழிக்கலாகாது என்பதனைக் கற்பியாது விடுவாராயின், அக்கல்வி ஒற்றைக் கண்ணுடைய கல்வியேயாகும்.

பாடசாலை என்ற நிறுவனத்தின் இயல்பும் ஈண்டு கருதப்பட வேண்டும். 1983 இல் மிசூரி மாநிலத்தின் ஹேசல்வூட் பாடசாலையொன்றில், மாணவியரின் கருத்தரிப்பு, பெற்றோரின் மணமுறிவு ஆகியன பற்றிய கட்டுரைகள் இருந்த இரு பக்கங்களை அதிபர் பத்திரிகையிலிருந்து நீக்கினார். 1988 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்செயலைச் செல்லுபடியாக்கிற்று. சங்கடமானதை நீக்குவது நிருவாகத்தின் உரிமையென்று காணும் மாணவர், படத்திலுள்ள சங்கடத்தை நீக்குவதையும் இயல்பாகவே கொள்வர் என்று கருத இடமுண்டு. பக்கத்தை நீக்கும் கையும் கம்பத்தை நீக்கும் கையும் உறவுடையன.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 2020 மே 25 ஆம் திகதி மினியாப்பொலிஸ் நகரில் எடுக்கப்பட்ட ஒளிப்பதிவு. பதினேழு வயது நிரம்பிய மாணவி டார்னெல்லா பிறேசியர், ஜோர்ஜ் புளொயிட் என்பவரின் கழுத்தைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் முழங்காலால் அழுத்துவதைத் தம் கைத்தொலைபேசியில் பதிவுசெய்தார். மருத்துவச் சம்பவமொன்றை அடுத்து ஒருவர் இறந்தார் என்பதே பொலிசாரின் முதல் அறிக்கை. அவ்வறிக்கையை அப்பதிவு பொய்யாக்கியது. 2021 ஏப்ரலில் அவ்வுத்தியோகத்தர் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவ்வாண்டே புலிற்சர் குழு அம்மாணவிக்குச் சிறப்பு விருதளித்தது. அப்பதிவில் சட்டக அழகு நாடப்படவில்லை. அவர் அவ்விடம் விட்டு அகலாது நின்றார். நடந்ததைத் தொடர்ந்து பதிந்தார். அதன் வலிமை முழுவதும் அந்நிலைபேற்றில் தங்கியுள்ளது.

எனவே கருவிகளை வெறுப்பதும் அவற்றை வழிபடுவதும் ஒருசேரப் பயனற்றவை. மூலப்பதிவை மாற்றாது பேணல், செய்த திருத்தத்தை வெளிப்படக் கூறல், புனைவுப் படத்தைப் புனைவென்றே பெயரிடல் ஆகிய மூன்றும் மாணவப் பத்திரிகையாளரின் முதற் பயிற்சியாதல் வேண்டும். அதன்பின் ஒளியும் கோணமும் தாமாகக் கைவரும். பைலோவின் மூலப்படத்தில் அக்கம்பம் இன்றும் நிற்கிறது. கண்ணுக்கு அது உறுத்துகிறது என்பது மெய்யே. அன்று நிகழ்ந்தது அதனிலும் உறுத்துவது.