வெடித்த நிலம் எந்த ஊர்?

போன மாதம் ஒரு கல்லூரியில் கட்டுரை வாசிப்புப் போட்டி. நடுவர் மூவரில் நானும் ஒருவன். நிலத்தடி நீர் பற்றிப் பேசிய இரண்டாமாண்டு மாணவருக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். வேண்டாம் என்றவன் நான் ஒருவன்தான். மொத்தம் 18 ஸ்லைடு. எல்லாவற்றிலும் திரை முழுக்க ஒரு படம், அதன் மேல் நாலு சொல். வெடித்த நிலம், குழாய் நுனியில் தொங்கும் சொட்டு, உள்ளங்கையில் ஏந்திய பூமி உருண்டை. “கண்ணை எடுக்க முடியல சார்” என்றார் சக நடுவர். “ஒரு படம் ஆயிரம் வார்த்தைக்குச் சமம்னு சும்மாவா சொன்னாங்க?”

சொன்னவர் யார் என்பதுதான் வேடிக்கை. அந்த வாசகத்தைப் பரப்பியதில் பெரிய பங்கு ப்ரெட் பர்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரருக்கு. டிராம் வண்டிகளில் விளம்பரம் போட வியாபாரிகளை இழுப்பது அவர் தொழில். 1927இல் அதற்குச் சீனப் பழமொழி என்று ஒரு முத்திரையும் குத்திவிட்டார்.

திரை முழுக்கப் படம் வைக்கும் இந்தப் பாணியால் நன்மையும் உண்டு. பதினாலு புள்ளிகளை அடுக்கிவைத்து, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவற்றையே வாசிக்கும் கொடுமை இதனால் குறைந்தது. 2008இல் கார் ரெனால்ட்ஸின் ‘பிரசென்டேஷன் ஜென்’ புத்தகம் வந்தபோது நானும் கொண்டாடியவன்தான். புதியவர்களுக்கான வகுப்புகளில் கைவேலையும் ஒழுங்காகவே சொல்லித்தருகிறார்கள்: படத்தை மூலையைப் பிடித்து இழு, பக்கவாட்டில் இழுத்தால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அதையும் நீக்கு, செல்போன் படத்தைச் சுருக்காமல் போட்டால் கோப்பு மின்னஞ்சலில் போகாது. எல்லாம் சரி.

எதற்கு வைக்கிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் தலைப்பை அடிப்பார்கள். பிறகு அதே தலைப்பைத் தேடல் பெட்டியில் அடிப்பார்கள். முதல் வரிசையில் பளிச்சென்று தெரிவதை இழுத்துப் போடுவார்கள். ‘ஒற்றுமை’ என்றால் கோத்த கைகள், ‘யோசனை’ என்றால் பல்பு, ‘வளர்ச்சி’ என்றால் முளைவிட்ட செடி. சொல் சொன்னதையே படம் இன்னொரு முறை சொல்கிறது. 2014இல் மைக்ரோசாப்ட் தன் இணையக் கிளிப் ஆர்ட் கிடங்கை மூடிவிட்டு பிங் தேடலைக் கைகாட்டியது. பல்பு பொம்மை போய் பல்பு போட்டோ வந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

இதில் கெடுதல் என்ன, அழகாகத்தானே இருக்கிறது என்பார்கள். சுவையாக இருந்தும் பாடத்தோடு ஒட்டாத படங்களும் தகவல்களும் கற்பதைக் குறைக்கின்றன என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனை மேல் சோதனை செய்து காட்டியிருக்கிறார். விபத்தில் சிதறிய கொலம்பியா விண்ணோடம் பற்றிய எச்சரிக்கை, ஸ்லைடின் உள்புள்ளிகளுக்குள் புதைந்துபோனதை 2003இல் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி எடுத்துக்காட்டினார். ஆதாரம் எங்கே என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் பேரைச் சொல்லிப் புள்ளிகளை விரட்டியவர்கள், காலியான சுவரில் வால்பேப்பர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

என்னைக் கேட்டால் முதலாண்டு முழுக்க அந்தத் தேடல் பெட்டியைப் பூட்டிவைக்கலாம். செவ்வாய்க் கோளைப் பற்றிப் பேசுகிறவன் படத்துக்கு எங்கே போவான் என்பார்கள். நம் வகுப்புகளில் எத்தனை பேர் செவ்வாயைப் பற்றிப் பேசிக் கிழித்தார்கள்?

போட்டியில் அந்த மாணவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “அந்த வெடித்த நிலம் எந்த ஊர் தம்பி?”

“நெட்ல எடுத்தது சார்.”

பரிசு வாங்கிய பிறகு டீ குடிக்கும் இடத்தில் அவராகவே வந்து பேசினார். ஊர் ஊத்தங்கரைப் பக்கம். வீட்டுக் கிணறு வற்றியதுதான் இந்தத் தலைப்பை எடுக்கக் காரணமாம். போனை எடுத்துக் காட்டினார். மேலிருந்து எடுத்த படம். கருங்கல் சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று திட்டுகள். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கி இறக்கி வைத்த இடங்கள். ஒவ்வொரு திட்டுக்குப் பக்கத்திலும் அவர் அப்பா வெள்ளைப் பெயின்டில் வருஷம் எழுதியிருந்தார். மூன்றாவதுக்கும் கீழே, அடியில், கைக்குட்டை அளவுக்குப் பச்சைத் தண்ணீர்.

“இதை ஏன் போடல?”

“போனை நெட்டுக்குத்தா பிடிச்சு எடுத்துட்டேன் சார், ஸ்லைடுல ரெண்டு பக்கமும் காலியா நிக்கும். கொஞ்சம் ஷேக்கும் ஆயிருக்கு. மேடம் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. அப்பா செருப்பு வேற ஓரத்துல விழுந்திருக்கு.”

விரலால் விரித்துப் பார்த்தேன். முதல் திட்டின் விளிம்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நகத்தளவுக்கு. அதை வைத்துத்தான் கிணற்றின் ஆழமே கணக்குக்கு வந்தது. செருப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.