கணவாய் போனதா குறை?

காமிக்ஸ் ரசிகர்கள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் முதலில் நடப்பது சரிபார்ப்புதான். எது இருக்கிறது, எதை விட்டுவிட்டார்கள், எதை மாற்றினார்கள்? ஸாக் ஸ்னைடரின் ‘வாட்ச்மென்’ 2009இல் வந்தபோது பலருடைய கணக்கு இப்படி முடிந்தது: கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்திருக்கிறார், பாராட்டு, கடைசியில் நியூயார்க்கை அழிக்கும் ராட்சதக் கணவாயைக் காணோம், கோபம். இந்தப் பாராட்டு, கோபம் இரண்டுமே இடம் தவறி விழுந்தவை என்பது என் கட்சி.

முதலில் கணவாய். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986-87இல் 12 இதழ்களாக வந்த கதையில், அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான அணுப்போரைத் தடுக்க ஓஸிமாண்டியஸ் என்ற முன்னாள் சாகசக்காரன் ஒரு பொய்யை நிகழ்த்துகிறான். கணவாய் போன்ற வேற்றுலக உயிர் ஒன்று வந்து விழுந்ததாக உலகத்தை நம்பவைத்து, லட்சக்கணக்கானவர்களைக் கொல்கிறான். படத்தில் அந்தப் பழி அளவற்ற சக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் மேல் விழுகிறது. கதைக்கட்டுக்கு இது ஒன்றும் மோசமில்லை. ஏற்கெனவே எல்லோரும் அஞ்சும் ஒருவன் இருக்க, புதிதாக ஒரு ஜந்து எதற்கு? மன்ஹாட்டன் அமெரிக்காவின் ஆயுதம்தானே, ரஷ்யா எப்படிச் சமாதானமாகும் என்று கேட்கலாம். அதற்காகத்தான் படம் பல நாட்டு நகரங்களையும் சேர்த்து அழிக்கிறது. ஓட்டை முழுதாக அடையவில்லை என்றாலும் படத்தை அது கவிழ்க்கவில்லை.

கவிழ்த்தது வேறு. காமிக்ஸின் 12ஆம் இதழ், பேச்சே இல்லாமல், பக்கத்துக்கு ஒரு படமாக ஆறு பக்கப் பிணங்களோடு தொடங்குகிறது. அந்தப் பிணங்கள் நமக்குத் தெரிந்தவர்கள். ஓயாமல் பேசும் பத்திரிகைக் கடைக்காரர், கடையோரம் உட்கார்ந்து கடற்கொள்ளையர் கதை படிக்கும் பையன், ரோர்ஷாக் என்ற முகமூடிக்காரனுக்கு வைத்தியம் பார்க்கப் போய்த் தன் நிம்மதியை இழந்த மனநல மருத்துவர். சாகசக்காரர்களின் கதைக்கு நடுவே மூர் இந்தத் தெருமுனைக்குத் திரும்பத் திரும்ப வந்தது சும்மா இல்லை. கடைசிக் கணக்கில் இவர்கள்தான் விலை. 162 நிமிடத் திரையரங்கப் பிரதியில் இவர்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். பிறகு வந்த 215 நிமிடப் பிரதி கடைக்காரரையும் பையனையும் கொள்ளையர் கதையையும் சேர்த்துக்கொண்டது. அப்போதும் பேரழிவுக்குப் பின் நாம் பார்ப்பது ஒரு பள்ளம். பிணம் ஒன்றுகூடக் கிடையாது. முகமில்லாத சாவைக் காட்டிவிட்டு ‘அவன் செய்தது சரியா’ என்று பார்வையாளனைக் கேட்டால் எடை போட அவனிடம் என்ன இருக்கிறது?

சண்டைகளும் அப்படியே. முன்னாள் சாகசக்காரர்களான டானும் லாரியும் சந்தில் ரௌடிகளை அடிக்கும் இடம் காமிக்ஸில் மூச்சிரைப்பதோடு முடியும். படத்தில் எலும்பு முறிவது அழகாகக் காட்டப்படுகிறது. முகமூடி மாட்டியவர்களைச் சந்தேகப்பட எழுதிய கதை, அவர்களை ரசிக்கும் கதையாகிறது. எதுவும் முடிவதில்லை என்று மன்ஹாட்டன் ஓஸிமாண்டியஸிடமே சொல்லிவிட்டுப் போவான்; கொன்றவனின் நெஞ்சில் தைக்க வேண்டிய முள் அது. படம் அதை லாரியின் வாயில், பிறகெப்போதோ, இதமாக வைக்கிறது. ரசிகர்கள் கணவாயைத் தேடிக்கொண்டிருந்ததில் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

2019இல் ஹெச்பிஓவுக்காக டேமன் லிண்டலாஃப் அதே ‘வாட்ச்மென்’ பெயரில் செய்த ஒன்பது பகுதித் தொடர் மூலத்தைத் தழுவவே இல்லை. மூலக்கதை நடந்து 34 ஆண்டு கழித்து, 1921இல் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட டல்சா நகரில் கதையைத் தொடர்ந்தது. கணவாய் இங்கே உண்டு, மழையாக! ஆறாம் பகுதிதான் உச்சம். முதல் முகமூடிக்காரனான ஹூடட் ஜஸ்டிஸ் ஒரு கறுப்பினப் போலீஸ்காரன் என்கிறது. காமிக்ஸிலோ அவன் ஹிட்லர் ஆட்சியை மெச்சிப் பேசியதாக பழைய முகமூடிக்காரர் ஹாலிஸ் மேசனின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. சரிபார்ப்புக்காரர்கள் இதைப் பிழை என்று குறிக்கலாம். ஆனால் கிப்பன்ஸ் வரைந்த உடையைப் பாருங்கள்: தலையில் முக்காடு, கழுத்தில் தூக்குக்கயிறு. அமெரிக்காவில் அந்தக் கயிற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கேள்வியாக்கிய லிண்டலாஃப், கட்டங்களை நகலெடுத்த ஸ்னைடரைவிட உன்னிப்பாக மூலத்தைப் படித்திருக்கிறார்.

தொடருக்கும் சலுகை தர முடியாது. கைதியை அடித்து உண்மை வாங்கும் நாயகி ஏஞ்சலாவை அது கடைசிவரை விசாரிக்கவில்லை. ஒன்பதாம் பகுதியில் வில்லன்கள் வரிசையாக வசதியாகச் சாகிறார்கள்; மன்ஹாட்டனின் சக்தி ஒரு முட்டைக்குள் ஏஞ்சலாவுக்காகக் காத்திருக்கிறது. நல்லவர் கைக்குப் போனால் அளவற்ற அதிகாரம் பரவாயில்லை என்ற நம்பிக்கையை உடைக்கத்தான் மூர் 12 இதழ் எழுதினார். தொடர் அதே நம்பிக்கையில் போய் முடிகிறது.

இருந்தும் என் தீர்ப்பு தொடரின் பக்கம்தான், அதுவும் எட்டாம் பகுதி வரை. ஸ்னைடரின் படம் காமிக்ஸுக்கு ஒரு நல்ல விளம்பரம், அதற்கு மேல் இல்லை.